கிளாசிப் வழக்கு: உச்ச நீதிமன்றம் எதைப் பார்த்தது, எதைப் பார்க்கவில்லை

2025 பிப்ரவரி 25 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், ரிச்சர்ட் கிளாசிப் என்ற ஓக்லஹோமா மாநிலக் கைதியின் கொலைக்குற்றத் தீர்ப்பை ரத்து செய்து, வழக்கை முதலிலிருந்து நடத்தச் சொன்னது. ஒன்பது முறை சாவுக்குத் தேதி குறிக்கப்பட்டவர் அவர். மூன்று முறை கடைசிச் சாப்பாடு சாப்பிட்டவர். தலைப்புச் செய்தியை மட்டும் படித்தால், நிரபராதி என்று சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது என்றுதான் தோன்றும். தீர்ப்பில் அப்படி ஒரு வரி கிடையாது. கொலைக்கு அவர் ஆள் ஏவினாரா இல்லையா என்பதற்கு நீதிபதிகள் விடை சொல்லவில்லை. ஒரு சாட்சி சத்தியம் செய்துவிட்டு ஒரு விஷயத்தில் பொய் சொன்னார். பொய் என்று தெரிந்தும் அரசு வழக்கறிஞர் திருத்தவில்லை. அந்தப் பொய் வெளிப்பட்டிருந்தால் ஜூரி வேறு மாதிரி யோசித்திருக்கலாம். தீர்ப்பு நிற்பது இந்த மூன்றின் மேல்தான்.

மாநிலக் கைதி ஒருவரின் வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இது நல்ல வழக்கு. எத்தனை கதவுகள் சாத்தப்படுகின்றன, கடைசியில் எது திறக்கிறது, ஏன் திறக்கிறது எல்லாம் இதில் இருக்கிறது. அதில் அதிர்ஷ்டத்தின் பங்கு எவ்வளவு என்பதும் தெரிகிறது. சட்டம் படித்தவர்களுக்கு அந்தப் பங்கு கொஞ்சம் சங்கடமாகவே இருக்கும்.

மோட்டல் கொலை

1997 ஜனவரி 7. ஓக்லஹோமா சிட்டியில் ஒரு மலிவு விலை மோட்டல். அதன் உரிமையாளர் பாரி வான் ட்ரீஸ் 102-ஆம் எண் அறையில் பேஸ்பால் மட்டையால் அடித்துக் கொல்லப்பட்டார். அடித்தது யார் என்பதில் அன்றும் இன்றும் யாருக்கும் சந்தேகம் இல்லை. மோட்டலில் சின்னச் சின்ன மராமத்து வேலைகளைச் செய்துகொண்டு அங்கேயே தங்கியிருந்த 19 வயது ஜஸ்டின் ஸ்னீட்தான் அடித்தார். கிளாசிப் அந்த மோட்டலின் மேனேஜர்.

போலீஸ் பிடித்தபோது ஸ்னீட் முதலில் கிளாசிப்பின் பெயரைச் சொல்லவில்லை. விசாரித்த துப்பறிவாளர்தான் அந்தப் பெயரைத் திரும்பத் திரும்ப எடுத்தார். கிளாசிப் உன் மேல் பழியைப் போடுகிறார், நீ மட்டும் ஏன் சுமக்க வேண்டும் என்கிற ரீதியில் பேச்சு போன பிறகு ஸ்னீட்டின் கதை மாறியது. கிளாசிப் 10,000 டாலர் வரை தருவதாகச் சொல்லி வான் ட்ரீஸைக் கொல்லச் சொன்னார் என்றார். அப்புறம் பேரம் படிந்தது: கிளாசிப்புக்கு எதிராகச் சாட்சி சொன்னால் ஸ்னீட்டுக்கு மரண தண்டனை கிடையாது, பரோல் இல்லாத ஆயுள் தண்டனை மட்டும். ஆயுள் தண்டனைக்கு ஒப்புக்கொள்ளும் வாய்ப்பு கிளாசிப்புக்கும் வந்தது. செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று மறுத்துவிட்டார். மட்டையைக் கையில் எடுத்தவர் உயிரோடு சிறையில் இருக்க, மட்டையைத் தொடாதவர் மரண தண்டனை வரிசைக்குப் போனார்.

கிளாசிப் அப்பழுக்கற்றவர் என்று சொல்ல வரவில்லை. ஸ்னீட் கொலையைப் பற்றித் தன்னிடம் சொன்னதை முதல் விசாரணையில் போலீசிடம் மறைத்தார், பிறகுதான் ஒப்புக்கொண்டார். உடைந்த ஜன்னலை மூடி மறைக்கவும் உதவினார். மோட்டல் கணக்கில் பணம் குறைந்தது, உரிமையாளர் அதைக் கண்டுபிடித்துவிடுவார் என்று பயந்தார், அதனால் ஏவினார் என்பது அரசுத் தரப்பின் வாதம். கொலையை மறைத்த குற்றம் பொருந்தும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. ஏவினார் என்பதற்கு நேரடி ஆதாரம் ஸ்னீட்டின் வாய்ச்சொல் மட்டுமே.

1998-ல் முதல் ஜூரி மரண தண்டனை கொடுத்தது. 2001-ல் ஓக்லஹோமா குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கிளாசிப்பின் வக்கீல் சரியாக வாதாடவில்லை, ஸ்னீட்டைப் போலீஸ் விசாரித்த வீடியோவை வைத்து அவரைக் குறுக்கு விசாரணை செய்யவே இல்லை என்பது முக்கியக் காரணம். ஸ்னீட்டின் சாட்சியத்துக்கு வலுச்சேர்க்கும் ஆதாரம் மிகமிகப் பலவீனம் என்றும் அந்த நீதிமன்றம் எழுதியது. 2004-ல் இரண்டாவது விசாரணை. மறுபடியும் மரண தண்டனை. இரண்டு ஜூரிகளில் ஒன்றுகூட அந்த வீடியோவைப் பார்த்ததில்லை. இடையில் 1999-ல், மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே, மோட்டல் கணக்குப் புத்தகம், குளியலறைத் திரை உட்பட ஒரு பெட்டி நிறைய ஆதாரப் பொருள்களைப் போலீஸ் அழித்துவிட்டது. 2007-ல் அதே மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டாவது தீர்ப்பை 3-2 என்ற கணக்கில் உறுதி செய்தது.

இரண்டு தனித்தனி நீதி அமைப்புகள்

இந்தியாவில் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தொடங்கும் கொலை வழக்கும் உச்ச நீதிமன்றத்தில் முடியலாம். எல்லாம் ஒரே ஏணியின் படிகள். அமெரிக்காவில் மாநிலத்துக்கென்று ஓர் ஏணி, கூட்டாட்சி அரசுக்கென்று இன்னோர் ஏணி. கொலை, கொள்ளை போன்றவை பெரும்பாலும் மாநிலச் சட்டத்தின் கீழ் வரும் குற்றங்கள். மாநில நீதிமன்றம் தன் மாநிலச் சட்டத்தை எப்படிப் புரிந்துகொண்டாலும் வாஷிங்டனில் இருக்கும் உச்ச நீதிமன்றம் அதில் கைவைக்க முடியாது. அமெரிக்க அரசியல் சாசனம் மீறப்பட்டது என்ற கேள்வி இருந்தால்தான் உள்ளே வர முடியும். ஓக்லஹோமாவில் இன்னொரு விசேஷம் உண்டு. அங்கே குற்ற வழக்குகளுக்கென்று தனியாக ஓர் உயர்ந்த நீதிமன்றம் இருக்கிறது. மாநில உச்ச நீதிமன்றம் அவற்றைத் தொடுவதில்லை. டெக்சாஸிலும் இதே ஏற்பாடுதான்.

மாநிலக் கைதி கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போக வழக்கமான வழி ஆட்கொணர்வு மனு. ஆளைக் காணோம், கண்டுபிடித்துக் கொண்டுவா என்று போடும் மனுவாகத்தான் நமக்கு அது பழக்கம். அமெரிக்காவில் தண்டனை பெற்று உள்ளே இருப்பவர், என்னை அடைத்து வைத்திருப்பதே அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று சொல்லிப் போடும் மனுவாக அது வளர்ந்துவிட்டது. 1953-ல் பிரவுன் - ஆலன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் கதவை அகலமாகத் திறந்தது. நாங்கள் தவறே செய்யாதவர்கள் என்பதால் எங்கள் சொல் இறுதியாகவில்லை, இறுதிச் சொல் எங்களுடையது என்பதால்தான் தவறே செய்யாதவர்கள் ஆகிவிட்டோம் என்று நீதிபதி ராபர்ட் ஜாக்சன் குத்தலாக எழுதியது அந்த வழக்கில்தான். அடுத்த பத்து, பதினைந்து ஆண்டுகள் கைதிகளுக்குச் சாதகமாகப் போயின. பிறகு கதவு மெல்ல மெல்லச் சாத்தப்பட்டது.

அதைக் கிட்டத்தட்ட மூடிய சட்டத்துக்கும் ஓக்லஹோமா சிட்டிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1995 ஏப்ரல் 19 அன்று அந்த ஊரின் கூட்டாட்சி அரசுக் கட்டடத்தில் வெடிகுண்டு வெடித்து 168 பேர் இறந்தார்கள். நாடு கொதித்தது. ஓராண்டு கழித்து, 1996 ஏப்ரல் 24 அன்று, பயங்கரவாதத் தடுப்பு மற்றும் மரண தண்டனை வலுவாக்கச் சட்டத்தில் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்டார். பெயரில் பயங்கரவாதம் இருந்தாலும், அதிகம் அடிபட்டவர்கள் சாதாரண மாநிலக் கைதிகள். மனுப் போட ஓராண்டு கெடு வந்தது. இரண்டாவது மனுவுக்குப் பெரிய தடை வந்தது. எல்லாவற்றையும்விடப் பெரியது இன்னொன்று: மாநில நீதிமன்றம் தவறு செய்தது என்று காட்டினால் போதாது, நியாயமான எந்த நீதிபதியும் அப்படி ஒரு முடிவுக்கு வந்திருக்க முடியாது என்ற அளவுக்குத் தவறு என்று காட்ட வேண்டும். மோட்டல் கொலை நடந்தபோது அந்தச் சட்டத்துக்கு வயது ஒன்பது மாதம்கூட ஆகவில்லை.

கிளாசிப்பும் அந்தப் படி ஏறிப் பார்த்தார். கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் மறுத்தது. 2013-ல் பத்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றமும் மறுத்தது. இத்தனைக்கும், எங்கேயும் யாரும் ஸ்னீட்டின் வாக்குமூலம் நம்பத்தக்கதா என்று புதிதாக உட்கார்ந்து யோசிக்கவில்லை. அவர்கள் வேலை அது இல்லை. நான் நிரபராதி என்று மட்டும் சொல்லி ஆட்கொணர்வு மனுவில் ஜெயிக்கும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் இதுவரை திட்டவட்டமாகச் சொன்னதே கிடையாது. 1993-ல் ஹெரேரா வழக்கில் அந்தக் கேள்வி நேராக வந்து நின்றது. அப்போதும் அப்படி ஓர் உரிமை இருப்பதாக வைத்துக்கொண்டு பார்த்தாலும் இந்த மனுதாரர் அந்த அளவைத் தொடவில்லை என்று சொல்லிக் கடந்துபோனார்கள்.

விஷ ஊசியால் வந்த சுற்று

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. கிளாசிப்பின் பெயர் உலகத்துக்குத் தெரிந்ததே இதனால்தான். 2014 ஏப்ரலில் ஓக்லஹோமாவில் கிளேட்டன் லாக்கெட் என்ற கைதிக்கு விஷ ஊசி போட்டபோது எல்லாம் கோளாறாகி, அவர் துடித்து, நாற்பது நிமிடங்களுக்கும் மேல் கழித்து இறந்தார். முதலில் போடும் மயக்க மருந்தான மிடாசோலம் சரியாக மயக்குவதில்லை, இது கொடூரமான தண்டனை என்று நான்கு கைதிகள் உச்ச நீதிமன்றத்தில் மனுப் போட்டார்கள். முதல் மனுதாரர் சார்லஸ் வார்னர்; கிளாசிப்பும் அவர்களில் ஒருவர்.

உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கை விசாரணைக்கு எடுக்க நான்கு நீதிபதிகள் போதும். தண்டனையை நிறுத்தி வைக்க ஐந்து பேர் வேண்டும். 2015 ஜனவரி 15 அன்று நிறுத்தி வைக்க ஐந்தாவது ஓட்டு கிடைக்கவில்லை, வார்னர் கொல்லப்பட்டார். எட்டு நாள் கழித்து அதே வழக்கை விசாரணைக்கு எடுத்துக்கொண்டார்கள். முதல் மனுதாரர் உயிரோடு இல்லை என்பதால் அடுத்த பெயர் முன்னால் வந்தது. அப்படித்தான் அது கிளாசிப் - கிராஸ் வழக்கு ஆனது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இந்தக் கணக்கு ஜீரணமாவதில்லை.

அந்த வழக்கில் 2015 ஜூனில் 5-4 என்று கைதிகள் தோற்றார்கள். செப்டம்பர் 30 அன்று கிளாசிப்பின் தண்டனைக்கு நேரம் குறித்தாகிவிட்டது, உச்ச நீதிமன்றமும் தடை தர மறுத்துவிட்டது. கடைசி நேரத்தில் ஆளுநர் மேரி ஃபாலின் நிறுத்தினார். காரணம், இதயத்தை நிறுத்தப் போடும் பொட்டாசியம் குளோரைடுக்குப் பதிலாகப் பொட்டாசியம் அசிட்டேட் வந்து சேர்ந்திருந்தது. பிறகுதான் தெரிந்தது, ஜனவரியில் வார்னருக்கும் அதே தவறான மருந்துதான் போடப்பட்டிருக்கிறது என்று. மாநிலத்தில் 2021 வரை யாருக்கும் தண்டனை நிறைவேற்றப்படவில்லை. மருந்துக் கடையில் நடப்பது மாதிரியான ஒரு குளறுபடி கிளாசிப்புக்கு ஆறு ஆண்டுகள் கொடுத்தது.

எட்டாவது பெட்டி

அந்த ஆறு ஆண்டுகளில் மாநில அரசியலில் காற்று கொஞ்சம் மாறியது. மரண தண்டனையை ஆதரிக்கும் குடியரசுக் கட்சி சட்டமன்ற உறுப்பினர்களே இந்த வழக்கைச் சந்தேகிக்க ஆரம்பித்தார்கள். அவர்கள் கேட்டுக்கொண்டதால் ரீட் ஸ்மித் என்ற பெரிய சட்ட நிறுவனம் கட்டணம் வாங்காமல் விசாரித்து, 2022 ஜூனில் 300 பக்கங்களுக்கும் மேற்பட்ட அறிக்கை கொடுத்தது. அதே மாதம் கட்சிக்குள் நடந்த தேர்தலில் கென்ட்னர் டிரம்மண்ட், பதவியில் இருந்த மாநில அட்டர்னி ஜெனரலை, அதாவது மாநில அரசின் தலைமை வழக்கறிஞரை, குறுகிய வித்தியாசத்தில் தோற்கடித்தார். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் அந்தப் பதவிக்கு ஓட்டுப் போட்டுத்தான் ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

2023 ஜனவரியில் பதவிக்கு வந்த டிரம்மண்ட், அதுவரை கிளாசிப்பின் வக்கீல்களுக்குக் காட்டாமல் வைத்திருந்த எட்டாவது பெட்டி ஆவணங்களைக் கொடுத்தார். இரண்டாவது விசாரணைக்கு முன்னால், 2003-ல், அரசு வழக்கறிஞர் கானி ஸ்மதர்மன் ஸ்னீட்டைச் சந்தித்துப் பேசியபோது கையால் எழுதிய குறிப்புகள் அதில் இருந்தன. லித்தியம் என்று ஒரு வார்த்தை, பக்கத்தில் கேள்விக்குறி. டாக்டர் டிரம்பெட் என்று ஒரு பெயர், அதற்கும் ஒரு கேள்விக்குறி. 1997-ல் கைதான ஸ்னீட்டை அடைத்து வைத்திருந்த கவுண்டி சிறையில் மனநல மருத்துவராக இருந்தவர் பெயர் டிரம்ப்கா. காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார். சிறையின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்தால், டிரம்ப்கா ஸ்னீட்டுக்கு இருமுனைக் கோளாறு (மனநிலை கடுமையாக ஏறி இறங்கும் மனநோய்) என்று கண்டறிந்து அதற்கான மருந்தான லித்தியம் கொடுத்திருக்கிறார்.

2004-ல் ஜூரி முன்னால் ஸ்னீட் சொன்னது என்ன? சளிக்கு மருந்து கேட்டேன், என்னவோ லித்தியம் கொடுத்துவிட்டார்கள், ஏன் என்று தெரியாது, நான் எந்த மனநல மருத்துவரையும் பார்த்ததில்லை. அப்படியானால் ஏன் கொடுத்தார்கள் என்று உனக்குத் தெரியாதா என்று அரசு வழக்கறிஞர் கேட்டார். தெரியாது என்றார். அத்தோடு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

டிரம்மண்ட் வெளியிலிருந்து ரெக்ஸ் டங்கன் என்ற முன்னாள் அரசு வழக்கறிஞரை வைத்து விசாரித்தார். தீர்ப்பை ரத்து செய்ய வேண்டும் என்றுதான் அந்த அறிக்கையும் சொன்னது. மாநில அரசின் தலைமை வழக்கறிஞரே நீதிமன்றத்துக்குப் போய், எங்கள் பக்கம் தவறு நடந்துவிட்டது, இந்தத் தீர்ப்பு நிற்கக் கூடாது என்றார். கிளாசிப் நிரபராதி என்று அவர் சொல்லவில்லை. மரண தண்டனையை எதிர்ப்பவரும் இல்லை. இந்த வழக்கில் அவர் பேச்சு எடுபட்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

2023 ஏப்ரல் 20 அன்று குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒருமனதாக மறுத்தது. அரசே ஒப்புக்கொண்டாலும் அந்த ஒப்புதலுக்குச் சட்டத்திலும் உண்மையிலும் அடிப்படை இல்லை, இதையெல்லாம் முன்னாடியே கிளப்பியிருக்கலாம், காலம் கடந்துவிட்டது என்றது. ஆறு நாள் கழித்து மன்னிப்பு வாரியத்தில் டிரம்மண்ட் நேரில் போய்க் கைதிக்காகப் பேசினார். ஐந்து உறுப்பினர்களில் ஒருவரின் மனைவி இதே வழக்கில் அரசு வழக்கறிஞராக இருந்தவர் என்பதால் அவர் விலகிக்கொண்டார். மீதி நான்கு பேர் 2-2 என்று பிரிந்தார்கள். சமநிலை என்றால் தோல்வி. வாரியம் பரிந்துரைக்காமல் ஓக்லஹோமா ஆளுநரால் மரண தண்டனையைக் குறைக்க முடியாது. மே 18-க்குத் தேதி குறித்திருந்தது. மே 5 அன்று உச்ச நீதிமன்றம் தடை போட்டது.

இரண்டு பேரும் ஒரே பக்கம்

உச்ச நீதிமன்றத்துக்கு ஆண்டுக்கு 4,000-க்கும் மேல் மனுக்கள் வருகின்றன. எடுத்து வாதம் கேட்பது சுமார் 60. இதை எடுத்ததே பெரிய விஷயம். இந்த முறை கிளாசிப் வந்தது ஆட்கொணர்வு மனு வழியாக இல்லை. மாநில நீதிமன்றத்தின் முடிவுக்கு எதிராக நேரடியாக உச்ச நீதிமன்றத்தில் போட்ட மனு. 1996 சட்டத்தின் கெடுபிடிகள் இந்த வழிக்குப் பொருந்தாது. மாநில நீதிமன்றத்துக்கு அந்த அளவு விட்டுக்கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. மாநிலக் கைதிகளின் வழக்குகளைப் படிக்கும்போது முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்: எந்த வழியாக வந்திருக்கிறது? அதே உண்மைகள், அதே கைதி. வழி மாறினால் முடிவும் மாறும்.

கைதியும் மாநிலமும் ஒரே கோரிக்கையோடு நின்றார்கள். 2024 அக்டோபர் 9 அன்று கிளாசிப்புக்காக சேத் வாக்ஸ்மனும் ஓக்லஹோமாவுக்காகப் பால் கிளெமென்ட்டும் வாதாடினார்கள். இருவரும் முன்னாள் சொலிசிட்டர் ஜெனரல்கள். எதிர்த்துப் பேச ஆள் இல்லாததால், மாநில நீதிமன்றத்தின் தீர்ப்பைக் காப்பாற்றிப் பேசக் கிறிஸ்டோபர் மிஷேல் என்ற வழக்கறிஞரை உச்ச நீதிமன்றமே நியமித்தது. முன்பு பத்தாவது வட்டார நீதிமன்றத்தில் இருந்த நீதிபதி கோர்சச் இந்த வழக்கில் உட்காரவில்லை. எட்டு பேர்தான் கேட்டார்கள்.

முதல் தடை அதிகார வரம்பு. மாநில நீதிமன்றம் மாநிலச் சட்டத்தின் அடிப்படையில் மட்டும், அது தனித்து நிற்கும்படி முடிவு சொல்லியிருந்தால் உச்ச நீதிமன்றத்துக்கு அதில் வேலை இல்லை. காலம் கடந்துவிட்டது என்பது மாநில நடைமுறைச் சட்டம்தானே என்று மிஷேல் வாதாடினார். நீதிபதி சோனியா சோட்டோமேயர் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு அந்த முடிவைப் பிரித்துப் பார்த்தது. அட்டர்னி ஜெனரலின் ஒப்புதலை ஏற்கலாமா என்று பார்க்கும்போதே மாநில நீதிமன்றம் கூட்டாட்சிச் சட்டக் கேள்விக்குள் இறங்கிவிட்டது. அங்கே அரசியல் சாசன மீறல் இல்லை என்று முடிவு செய்த பிறகுதான் கால வரம்பைப் பிடித்தது. ஆகவே அது தனித்து நிற்கவில்லை. இந்தப் புள்ளியில் நீதிபதி பாரெட்டும் சேர்ந்தார்.

அடுத்து நேப்யூ விதி. 1959-ல் இல்லினாய் மாநிலக் கைதி ஹென்றி நேப்யூவின் வழக்கில் வந்தது. நேப்யூ மேல் சாட்டப்பட்ட அதே கொலைக்காக 199 ஆண்டுகள் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்த ஒரு கூட்டாளி நேப்யூவுக்கு எதிராகச் சாட்சி சொன்னார். பதிலுக்கு உனக்கு ஏதாவது வாக்குறுதி கொடுத்தார்களா என்று கேட்டபோது இல்லை என்றார். வாக்குறுதி கொடுத்ததே எதிரில் நின்ற அரசு வழக்கறிஞர்தான்; அவர் பேசாமல் இருந்தார். தெரிந்தே பொய்ச் சாட்சியத்தை நிற்க விடுவது நியாயமான விசாரணையைக் கெடுக்கிறது, அந்தப் பொய் குற்றத்தைப் பற்றியதாக இல்லாமல் சாட்சியின் நம்பகத்தன்மையைப் பற்றியதாக இருந்தாலும் அப்படியே என்று தலைமை நீதிபதி வாரன் எழுதினார்.

மருந்து விஷயத்தில் ஸ்னீட் சொன்ன பொய்க்கு இவ்வளவு எடையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பெரும்பான்மையின் பதில் இரண்டு பக்கமாகப் போகிறது. ஒன்று, ஸ்னீட் தானாக யாரையும் கொல்லும் ஆள் இல்லை, கிளாசிப் சொல்லித்தான் ஆடினார் என்ற படத்தைத்தான் அரசுத் தரப்பு ஜூரிக்குக் காட்டியது. இருமுனைக் கோளாறும் கூடவே போதைப் பழக்கமும் இருந்தது தெரிந்திருந்தால் அந்தப் படம் கலைந்திருக்கும். இரண்டாவதுதான் எனக்கு வலுவாகப் படுகிறது. வழக்கு முழுக்க ஒரே ஆளின் வார்த்தையில் நிற்கிறது. அந்த ஆள் ஜூரியின் முகத்தைப் பார்த்து, சத்தியத்தின் மேல், தன் மருத்துவ வரலாற்றைப் பற்றிப் பொய் சொல்லக்கூடியவர் என்று அங்கேயே அப்போதே வெளிப்பட்டிருந்தால், மீதியை எதற்கு நம்புவார்கள்?

ஐந்து பேர் புது விசாரணை என்றார்கள். சோட்டோமேயரோடு தலைமை நீதிபதி ராபர்ட்ஸ், ககன், கவனா, ஜாக்சன். சட்டம் இதுதான் என்று தெளிவாக்கிவிட்டு, உண்மைகளைச் சரிபார்க்கும் வேலையை மாநில நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்றார் பாரெட். தாமஸும் அலிட்டோவும் முழுக்க எதிர்த்தார்கள்.

தாமஸின் எதிர்ப்பை ஒதுக்கிவிட முடியாது. குறிப்பேட்டில் இருக்கும் கேள்விக்குறிகள் அரசு வழக்கறிஞருக்கு உண்மை தெரியும் என்பதற்கு ஆதாரமா என்று கேட்கிறார். கொல்லப்பட்டவரின் குடும்பம் நீதிமன்றத்தில் வைத்த விளக்கம் வேறு: கிளாசிப்பின் வக்கீல்கள் வந்து தன்னிடம் என்னென்ன கேட்டார்கள் என்று ஸ்னீட் சொன்னதைத்தான் ஸ்மதர்மன் எழுதிக்கொண்டார். ஸ்னீட்டுக்கு லித்தியம் கொடுக்கப்பட்டது பழைய மருத்துவப் பரிசோதனை அறிக்கை வழியாகக் கிளாசிப்பின் தரப்புக்கு முன்பே தெரியும் என்பதும் உண்மை. இந்தச் சந்தேகங்களைச் சாட்சிகளை வைத்து விசாரித்துத் தீர்க்காமல் உச்ச நீதிமன்றமே ஆவணங்களைப் பார்த்து முடிவு செய்துவிட்டது. அந்தக் குறை நிஜம். பாரெட் சொன்ன நடுவழிதான் சுத்தமான வழியாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. ஆனால் திருப்பி அனுப்பினால் போய்ச் சேரும் இடம், அட்டர்னி ஜெனரலே கெஞ்சியும் ஒரு விசாரணைகூட வைக்காமல் ஐந்துக்கு ஐந்து மறுத்த அதே நீதிமன்றம். பெரும்பான்மை ஏன் காத்திருக்கவில்லை என்பது புரிகிறது.

மிசூரியில் நடந்தது

இந்தத் தீர்ப்புக்கு ஐந்து மாதம் முன்னால், 2024 செப்டம்பர் 24 அன்று, மிசூரியில் மார்செலஸ் வில்லியம்ஸ் என்ற கைதிக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அங்கேயும் அரசு வழக்கறிஞர் ஒருவர் தவறு நடந்ததாகச் சொன்னார். செயின்ட் லூயிஸ் கவுண்டியின் வழக்கறிஞர் வெஸ்லி பெல், தன் அலுவலகம் வாங்கிய தீர்ப்பையே ரத்து செய்யக் கேட்டார். வித்தியாசம், மாநில அட்டர்னி ஜெனரல் எதிர்த்தார். மிசூரி உச்ச நீதிமன்றம் மறுத்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தடைக்கு மூன்று நீதிபதிகள் மட்டுமே ஒத்துக்கொண்டார்கள்.

இரண்டு வழக்குகளின் ஆதாரங்களும் ஒன்றல்ல, அதை மறைக்கத் தேவையில்லை. வில்லியம்ஸின் வழக்கில் கொலைக்குப் பயன்பட்ட கத்தியில் இருந்த மரபணு, ஆதாரத்தைக் கையுறை இல்லாமல் தொட்ட அரசுத் தரப்பு ஆள்களுடையதாகவே இருக்கலாம் என்று கடைசியில் தெரிந்து, அவர் தரப்பின் முக்கிய வாதம் சரிந்தது. ஆனாலும் கீழ்மட்ட வழக்கறிஞர் ஒப்புக்கொண்டால் திறக்காத கதவு, மாநிலத்தின் உச்சியில் இருப்பவர் ஒப்புக்கொண்டால் திறக்கிறது. ஓக்லஹோமாவில் 2022 ஜூன் தேர்தலில் சில ஆயிரம் ஓட்டுகள் வேறு பக்கம் விழுந்திருந்தால் எட்டாவது பெட்டி எங்கே இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். லித்தியம் என்ற வார்த்தை அதில் அப்போதும் இருந்திருக்கும். படிக்க ஆள் இருந்திருக்காது.

2025 ஜூனில் டிரம்மண்ட், கிளாசிப் மீது முதல் நிலைக் கொலைக் குற்றத்தை மறுபடி சாட்டப்போவதாகவும், இந்த முறை மரண தண்டனை கேட்கப்போவதில்லை என்றும் அறிவித்தார். உச்ச நீதிமன்றத்தில் கைதியின் பக்கம் நின்ற அதே மாநிலம், ஊர் திரும்பியதும் அவருக்கு எதிரில் நிற்கிறது. சட்டப்படி இதில் முரண் ஒன்றும் இல்லை. விசாரணை கெட்டுப்போனது என்றுதான் அவர் ஒப்புக்கொண்டார், குற்றம் நடக்கவில்லை என்று இல்லை. கணக்குப் புத்தகமும் குளியலறைத் திரையும் 1999-லேயே அழிக்கப்பட்டுவிட்டன. மூன்றாவது ஜூரிக்கும் முக்கியச் சாட்சி என்றால் ஸ்னீட்தான். ஆனால் அந்த ஜூரியிடம் சிறை மருத்துவர் எழுதிய லித்தியம் பற்றியும், போலீஸ் விசாரணை வீடியோவில் கிளாசிப்பின் பெயரை முதலில் எடுத்தது யார் என்பது பற்றியும் கிளாசிப்பின் வக்கீல்கள் பேசாமல் விட மாட்டார்கள்.